உள்ளேன் ஐயா: யாருடைய கணக்கில்?

நான் வங்கி எழுத்தர். கவிதையும் எழுதுகிறவன்தான் என்றாலும் இந்தக் கட்டுரையை எழுத்தராக மட்டுமே எழுதுகிறேன். ஏனென்றால் இது ஒரு கணக்குத் தகராறு.

எங்கள் கிளையில் ஒரே தொகையை இரண்டு பேருடைய கணக்கில் வரவு வைத்தால் அதற்குப் பெயர் மோசடி. வைத்தவனுக்கு வேலை போகும், வழக்கு வரும். ஆனால் கல்வித் துறையில் ஒரே எட்டு மணி நேரத்தை ஒரு ஏட்டில் உற்பத்தி என்றும் இன்னொரு ஏட்டில் வகுப்பு என்றும் எழுதலாம். அதற்குப் பெயர் பணிவழிக் கல்வி, கலப்புக் கற்றல், படித்துக்கொண்டே சம்பாதிப்பது. பெயர்கள் எல்லாம் அழகாக இருக்கின்றன. இந்த இரட்டைப் பதிவு யார் தலையில் எழுதப்படுகிறது என்று பார்த்தால் சேரியும் வளவும் காலனியும்தான் வருகின்றன. கேட்க வேண்டாமா?

1

என் சித்தி மகள் பன்னிரண்டாம் வகுப்பு தேறினாள். அப்பா இல்லாத வீடு. திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை ஒன்றின் தரகன் வந்தான். அவன் ஊர்த்தெருவில் நிற்கவே இல்லை. நேராக எங்கள் அருந்ததியர் தெருவுக்கு வந்து, விளக்குக் கம்பத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். வேலையும் உண்டு, பட்டயப் படிப்பும் உண்டு, தங்க இடம் உண்டு, மூணு வருசம் முடிஞ்சா சான்றிதழும் கையில மொத்தப் பணமும் உண்டு என்றான். சித்தி அனுப்பிவிட்டாள். நானும் சரி என்றேன். படிப்பு என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் அவ்வளவு மரியாதை.

பிறகு ஒருநாள் வேனில் இருபத்து மூன்று பெண்கள் எங்கள் கிளைக்கே கணக்குத் தொடங்க வந்தார்கள். அவர்களில் இவளும் ஒருத்தி. விண்ணப்பத்தில் தொழில் என்ற இடம் வந்தது. என்ன எழுத என்று கேட்டேன். கூட வந்த மேற்பார்வையாளர், 'மாணவின்னு போடுங்க சார்' என்றார். போட்டேன். இருபத்து மூன்று தடவை மாணவி என்று என் கையால் எழுதினேன். பாஸ்புத்தகங்களைக் கட்டி ரப்பர் பேண்டு போட்டு அவரிடமே கொடுத்தேன். இன்றைக்கு நான் எழுதுகிற இந்தக் கட்டுரை முதலில் எனக்கு எதிரானது.

இரண்டாம் பருவத்தில் அவளுக்கு டைபாய்டு காய்ச்சல். பத்தொன்பது நாள் வீட்டில் கிடந்தாள். திரும்பிப் போனபோது அந்தப் பருவம் செல்லாது என்றார்கள். பருவத்துக்கு நூற்றைம்பது நாள். தொண்ணூறு சதவீதம் வருகை வேண்டும் என்பது ஆலையின் விதி. அதாவது நூற்று முப்பத்தைந்து நாள். இவள் இருந்தது நூற்று முப்பத்தொன்று. நாலு நாள் குறைவு. அந்த நாலு நாளுக்காக இன்னும் ஆறு மாதம் கூடுதலாக நூற்பு எந்திரத்தின் முன் நிற்க வேண்டும்.

'அண்ணே, மெஷின்ல நின்னா வகுப்புக்கு வந்தேன்னு போடுறான். காய்ச்சல்ல படுத்தா வகுப்புக்கு வரலன்னு போடுறான். அப்ப வகுப்புன்னா என்னண்ணே?' என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. உன்னிடம் ஏதாவது எழுதி வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்திருந்தாள். பாடம் நடக்க வேண்டியது ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம். அந்தப் பருவத்தில் இருபத்தைந்து ஞாயிறு. ஆசிரியர் வந்தது ஒன்பது ஞாயிறு. ஒன்பதிலும் இவள் உட்கார்ந்திருக்கிறாள். மிச்சமிருக்கிற நாட்களின் எட்டு மணி நேர ஷிப்டு எல்லாம் பதிவேட்டில் செய்முறை வகுப்பு.

எழுத்தர் வேலையைச் செய்தேன். எந்திரத்தின் முன் நின்றது நூற்று முப்பத்தொன்று பெருக்கல் எட்டு: ஆயிரத்து நாற்பத்தெட்டு மணி நேரம். ஆசிரியர் முன் உட்கார்ந்தது பதினெட்டு மணி நேரம். நடந்த பாடத்தில் அவள் வருகை நூறு சதவீதம். ஆசிரியர் வருகை முப்பத்தாறு சதவீதம்.

வருகைக் குறைவு யாருக்கு? தண்டனை யாருக்கு?

2

இது நம் காலத்துப் புதுமை இல்லை. ஆலையும் பள்ளிக்கூடமும் முதலில் கூட்டுச் சேர்ந்தது இங்கிலாந்தில். அங்கே 1833 தொழிற்சாலைச் சட்டம், ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு தினம் இரண்டு மணி நேரம் படிப்பு கொடுக்க வேண்டும், பள்ளிக்கு வந்ததற்குச் சான்று காட்டினால்தான் ஆலையில் வேலை என்று சொன்னது. 1844 சட்டம் அரைநாள் வேலை, அரைநாள் படிப்பு என்று ஆக்கியது. இந்த அரைநாள் முறையை 1918 கல்விச் சட்டத்தின் மூலம்தான் முடித்து வைத்தார்கள்.

அந்த வருகைச் சான்று எப்படி எழுதப்பட்டது என்பதை மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில், தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகளை வைத்து விவரிக்கிறார். 1844க்கு முன்பு அந்தச் சான்றில் ஆசிரியரே பெயர் எழுதத் தெரியாமல் சிலுவைக் குறி போட்டது உண்டு. நம்மூர்ப் பேச்சில் சொன்னால் வாத்தியார் கைநாட்டு. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தது என்பதற்கு அந்தக் கைநாட்டு சாட்சி. என்ன படித்தது என்பதற்குச் சாட்சி எதுவும் இல்லை. ஆசிரியர் தன் கையால் நிரப்பி முழுப்பெயர் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று 1844 சட்டத்தில் தனியாக எழுத வேண்டியிருந்தது.

முதலாளிக்கு வேண்டியது பிள்ளையின் உடம்பு. சட்டத்துக்கு வேண்டியது பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு குறி. இரண்டும் கிடைத்துவிட்டால் படிப்பைப் பற்றிக் கேட்க ஆளில்லை. நூற்றெண்பது வருசம் கழித்து என் தங்கச்சி நிற்கிற இடத்திலும் இதேதான் நடக்கிறது. சிலுவைக் குறிக்குப் பதில் விரல் ரேகை வைக்கிற எந்திரம் வந்திருக்கிறது.

3

அங்கே ஏழை என்றால் அரைநாள் பள்ளி. இங்கே ஏழ்மைக்குச் சாதி உண்டு. அதனால் இங்கே அரைநாள் பள்ளிக்குத் தத்துவமும் உண்டு.

1937இல் காந்தி வார்தாவில் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கைத்தொழில் வழியாகப் படிப்பு, பிள்ளைகள் செய்கிற பொருளின் வருமானத்தில் ஆசிரியர் சம்பளம் என்பது அவர் எண்ணம். ஜாகிர் உசேன் குழு அதற்குப் பாடத்திட்டம் போட்டது. ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேரம். அதில் கைத்தொழிலுக்கு மூன்று மணி இருபது நிமிடம். தாய்மொழிக்கு நாற்பது நிமிடம். இசை, ஓவியம், கணக்கு மூன்றும் சேர்த்து நாற்பது நிமிடம். சமூகப் பாடமும் அறிவியலும் சேர்த்து முப்பது நிமிடம். தலைமுறை தலைமுறையாக உழைப்பையே அறியாத வீட்டுப் பிள்ளைக்கு இது நல்ல மருந்தாக இருந்திருக்கலாம். தலைமுறை தலைமுறையாக உழைப்பை மட்டுமே அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு இது என்ன மருந்து? அவனுக்கு வேண்டியது அந்த முப்பது நிமிட அறிவியல்தான். அதில்தான் கஞ்சத்தனம்.

1953 ஜூனில் ராஜாஜி கொண்டுவந்த திருத்திய ஆரம்பக் கல்வித் திட்டம் இதையும் தாண்டியது. கிராமத்துப் பள்ளிகளில் மூன்று மணி நேரம்தான் படிப்பு. மிச்ச நேரம் பிள்ளை அப்பனிடம் அப்பன் தொழிலைப் பழக வேண்டும். பெண்பிள்ளை அம்மாவிடம் வீட்டு வேலை பழக வேண்டும். நகரத்துப் பள்ளிகளுக்கு இது இல்லை. குலக்கல்வி என்று அதற்குச் சரியாகவே பெயர் வைத்தார்கள். பெரியாரும் திராவிடர் கழகமும் தி.மு.க.வும் எதிர்த்தன. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954இல் ராஜாஜி விலகினார், காமராசர் வந்தார், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

வரலாற்றுப் புத்தகங்களில் கதை இங்கே முடிந்துவிடும். எங்கள் வீட்டில் முடியவில்லை.

1953இல் எங்க தாத்தாவுக்கு எட்டு வயசு. காலையில் மூணு மணி நேரம் பள்ளிக்கூடம். தனியாக ஓரத்தில் உட்கார வேண்டும், வாசல் கூட்ட வேண்டும், அதெல்லாம் அந்த மூணு மணி நேரத்துக்குள்ளேயே. மத்தியானம் அப்பன் தொழில். எங்கள் தெருவில் அப்பன் தொழில் என்றால் என்ன? கமலைக்குத் தோல் பறி தைப்பது, செருப்பு தைப்பது, செத்த மாட்டைத் தூக்குவது. 'மத்தியானப் பள்ளிக்கூடத்துல எனக்கு வாத்தியாரு செத்த மாடுதான்டா' என்று தாத்தா சொல்வார். ஒரு வருசம்கூட முழுசாக இல்லாத திட்டம்தான். ஆனால் அந்த ஒரு வருசத்தில் பையன் கைக்கு வேலை பழகிப்போனது, வீட்டுக்கு அந்தக் கை தேவைப்பட்டது. திட்டத்தை எடுத்த பிறகும் தாத்தா பள்ளிக்கூடம் திரும்பவில்லை. மூன்று மணி நேரம் போனவனுக்கு முழுநாள் வருகை போட்ட பதிவேடு, அவன் நின்றுபோனதும் பெயரை அடித்துவிட்டது. அவ்வளவுதான் அரசாங்கத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு.

அவர் கற்ற தொழிலாவது சோறு போட்டதா? கிணற்றுக்கு மின்மோட்டார் வந்தது. கமலை போனது. கமலையோடு தோல் பறி போனது. தாத்தா பண்ணையில் கூலிக்குப் போனார். குலத்தொழிலைப் பாதுகாக்கத் தெரிந்தவர்களுக்கு, அதே கிணற்றில் மோட்டார் மாட்டுகிற எலக்ட்ரீசியன் வேலையை எங்கள் தெருவுக்குச் சொல்லித்தரத் தோன்றவில்லை.

இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 1920களில் நமக்கென்று அரசு நடத்திய தனிப்பள்ளிகள் எந்தத் துறையின் கீழ் இருந்தன? தொழிலாளர் ஆணையரின் கீழ். மற்ற பிள்ளைகளின் பள்ளிக்குக் கல்வித் துறை, நம் பிள்ளைகளின் பள்ளிக்குத் தொழிலாளர் துறை. அந்தப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள் நமக்குச் செய்தது பெரிது, மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சமூகம் நம் பிள்ளையைப் பார்க்கும்போது முதலில் யாரைப் பார்க்கிறது, மாணவனையா கூலியாளையா, என்பது அந்த ஏற்பாட்டிலேயே தெரிகிறது.

4

இப்போது சட்டத்துக்கு வருவோம்.

1961ஆம் வருசத் தொழிற்பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பழகுநர் ஒரு பயிற்சியாளர், தொழிலாளி அல்ல என்கிறது. பாதுகாப்பு, உடல்நலம் போன்ற சிலவற்றைச் சட்டம் வேறு பிரிவுகளில் கொடுக்கிறது. மற்றபடி தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. நூல் நூலாகத்தான் வெளியே போகிறது, முதலாளி அதை நூல் விலைக்குத்தான் விற்கிறான். நூற்றவள் மட்டும் தொழிலாளி இல்லை. இந்த ஒரு வரியின் நிழலில்தான் போன நூற்றாண்டின் கடைசியிலிருந்து கொங்குப் பகுதியிலும் திண்டுக்கல் பகுதியிலும் சுமங்கலித் திட்டம் வளர்ந்தது. பழகுநர் என்ற பெயரில் மூன்று வருசம், கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தப் பணம். அந்தப் பெயர் நாறிப்போனதும் 'சுமங்கலி' போனது, 'மாணவி' வந்தது.

2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது, ஆனால் பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்றார்கள். 1953இல் மத்தியானம் என்று இருந்தது 2016இல் சாயங்காலம் என்று ஆனது. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் உள்ளூர்த் தச்சர், குயவர், தோட்டக்காரரிடம் போய்ப் பழக வேண்டும் என்றது. 2023இல் வந்த விஸ்வகர்மா திட்டம் பதினெட்டு தொழில்களைப் பட்டியல் போட்டது. செருப்புத் தைப்பதும் துணி வெளுப்பதும் முடிவெட்டுவதும் அதில் உண்டு. குரு சிஷ்ய பரம்பரை என்ற சொல்லும் உண்டு. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் காட்டித் தமிழ்நாடு அரசு 2024இல் அதை ஏற்க மறுத்தது. 2025இல் தனிக் கல்விக் கொள்கையும் வெளியிட்டது. நல்லது. ஆனால் என் தங்கச்சி நின்ற ஆலைக்கு டெல்லியின் கொள்கை எதுவும் தேவைப்படவில்லை. குலக்கல்வியை ஒழித்த மண்ணிலேயே ஷிப்டை வகுப்பு என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மேடையில் 1954ஐக் கொண்டாடுகிறவர்கள் அந்தப் பதிவேட்டை ஒருநாள் திறந்து பார்க்கட்டும்.

பத்து நாள்தானே என்று கேட்கலாம். ஊர்த்தெருப் பிள்ளைக்கு அந்தப் பத்து நாள் வேடிக்கை பார்க்கப் போவது. எங்கள் பிள்ளைக்கு அது வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, ஆட்களையே பிரித்துத் தட்டுத் தட்டாக அடுக்கிவிடுகிறது என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். அந்தத் தட்டை அப்படியே வைத்துக்கொண்டு வேலையைப் பாடம் என்று எழுதினால், தட்டுக்கு மதிப்பெண் போடுவதாகத்தான் முடியும்.

5

நம் தோழர்களே என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள். எதிரியின் கேள்வியைவிட இவற்றுக்குப் பதில் சொல்வதுதான் கடினம்.

ஒன்று: கைவேலை கேவலம் என்கிறாயா? இல்லை. உழைத்த கையைப் பார்த்து வளர்ந்தவன் நான். தாத்தா தைத்த பறியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசியாது. ஆனால் கைவேலை உயர்ந்தது என்று நம்மிடம் வந்து சொல்கிறவன், தன் பிள்ளையை எந்த எந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நிறுத்தியிருக்கிறான் என்று காட்டட்டும். அவன் பிள்ளையும் பணிவழிப் பயிற்சிக்குப் போகிறது. மருத்துவக் கல்லூரி மாணவன் வார்டில் நிற்கிறான். ஆனால் அங்கே பேராசிரியர் பக்கத்தில் நின்று 'இது ஏன்?' என்று கேட்கிறார். வேலை பாடமாவது அந்தக் 'ஏன்' கேட்கப்படும் இடத்தில். எந்திரத்தை நிறுத்திவிட்டு என் தங்கச்சி ஒரு கேள்வி கேட்க முடியுமா? கேட்டால் உற்பத்தி குறையும், உற்பத்தி குறைந்தால் பிடித்தம். இந்த ஒரு சோதனை போதும். எந்திரத்தை நிறுத்திக் கேள்வி கேட்க முடிகிற நேரம் வகுப்பு. நிறுத்த முடியாத நேரம் வேலை.

இரண்டு: வேலை செய்யாவிட்டால் அந்தப் பிள்ளை பட்டினி. வேலை நேரத்தை வருகையில் எண்ணாவிட்டால் இடைநின்றவள் என்று பெயரை அடித்துவிடுவார்கள். சான்றிதழே இல்லாமல் போவதற்கு இந்த அரைக் கல்வியாவது கிடைக்கட்டும், விடு என்றார் ஒரு தோழர். அவரும் பீடி சுற்றிக்கொண்டே படித்தவர். இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட முடியாது.

என் பதில் எழுத்தரின் பதில்தான். வேலையையும் எண்ணுங்கள், படிப்பையும் எண்ணுங்கள், இரண்டையும் தனித்தனி ஏட்டில் எண்ணுங்கள். வேலை நேரத்தைக் கூலி ஏட்டில் எழுது, முழுக் கூலி கொடு. படித்த நேரத்தை வருகை ஏட்டில் எழுது. படிப்பு நேரம் குறைந்தால் அதை அவள் தலையில் குறைவு என்று எழுதாதே. நிறுவனம் அவளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி என்று எழுது. 2009 கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து எட்டு வரை வருசத்துக்கு ஆயிரம் மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்கிறது. அந்த ஆயிரம், பள்ளிக்கூடம் கொடுக்க வேண்டிய கணக்கு. பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் நம் பெண்ணுக்கு வந்ததும் அதே கணக்கு தலைகீழாகி, பதினெட்டு மணி நேரம் கொடுத்தவன் கடன்காரன் இல்லை, காய்ச்சலில் படுத்தவள் கடன்காரி என்று எப்படி ஆனது?

வங்கியில் பாக்கி வைத்தவன் வீட்டுக்குத்தான் நோட்டீஸ் போகும். பாக்கி வர வேண்டியவள் வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்புகிற ஒரே இடம் இந்தக் கல்வித் திட்டம்தான்.

6

ஆகவே கேட்க வேண்டியவை இவை.

ஷிப்டை வகுப்பு என்று எழுதுவதை நிறுத்து. ஆசிரியர் இருந்து, கேள்வி கேட்க நேரம் இருந்து, உற்பத்தி இலக்கு இல்லாத மணி நேரத்தை மட்டும் வகுப்பு என்று எழுது.

உற்பத்தி செய்தவளுக்கு உதவித்தொகை என்று பிச்சை போடாதே, கூலி என்று கொடு.

மாணவி வருகை எழுதுகிற அதே பக்கத்தில் ஆசிரியர் வருகையையும் எழுது.

பதிவேட்டின் நகல் அவள் கையில் இருக்கட்டும். தினமும் அவள் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

நோயால் வந்த நாள் குறைவுக்குச் சான்றிதழை நிறுத்தாதே, மொத்தப் பணத்தைப் பிடிக்காதே.

இந்தத் திட்டங்களுக்கு யார் அனுப்பப்படுகிறார்கள் என்பதைச் சாதிவாரியாக வெளியிடு. எந்தத் தெருவிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு, எந்தத் தெருவிலிருந்து நூற்பாலைக்கு என்று நாடு பார்க்கட்டும்.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. ஆலையின் ஏடு நமக்குக் கிடைக்காமல் போகலாம். ஆனால் அரசுப் பணம் வாங்குகிற பயிற்சிக்கு அரசு அலுவலகத்தில் ஒரு வருகைக் கணக்கு போகிறது. 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் அதைக் கேளுங்கள். பாடம் எத்தனை மணி, ஷிப்டு எத்தனை மணி, ஆசிரியர் பெயர் என்ன, எத்தனை நாள் வந்தார் என்று கேளுங்கள். விடுமுறையில் ஊருக்கு வருகிற அக்கா தங்கச்சிகளிடம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் ஏட்டையும் நம் ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

என் பங்குக்கு நான் செய்வது சிறிது. இப்போதும் வேனில் பெண்கள் வருகிறார்கள். பாஸ்புத்தகத்தை அவரவர் கையில்தான் கொடுக்கிறேன். மேற்பார்வையாளர் முறைக்கிறார், மேலாளரிடம் புகார் சொல்லியிருக்கிறார். தொழில் என்ற இடம் வந்ததும் அவரைக் கேட்பதில்லை. அந்தப் பெண்ணைக் கேட்கிறேன்: 'நீ என்ன வேலை பாக்குறம்மா?'

சில பேர் மேற்பார்வையாளரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். சில பேர் மெஷின் ஓட்டுறேன் என்கிறார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.